சுண்ணாம்புக் குழியும் என் மூக்கும்

எனக்கு மோப்பம் கிடையாது. சௌரி செத்தது அதனால்தான்... இல்லை, அப்படிச் சொன்னால் பழி மூக்கின் மேல் போய்விடும். மோப்பம் கிடையாது என்பதை நான் சொல்லாமல் மறைத்தேன். அவள் செத்தது அதனால்!

இருபது வருஷத்து மூக்குப்பொடி. கண்ணாடியைத் தாங்குவதைத் தவிர அந்த உறுப்பு வேறு வேலை செய்து நான் பார்த்ததில்லை. உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா? எனக்கும் அப்போது வந்தது.

பாலாற்று வெள்ளம் ஆம்பூரில் எங்கள் தெருவின் ஒரே கிணற்றை மண்ணால் மூடிவிட்டுப் போயிற்று. தெருவில் எல்லாரும் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறவர்கள். நான் ஒருவன் பள்ளிக்கூட வாத்தியார். எல்லாரும் முறைவைத்து மண் சுமந்து புதுக்கிணறு வெட்டினோம். ஒரே ஒரு பயம்! தோல்களை மயிர் உதிர ஊறப்போடும் பழைய சுண்ணாம்புக் குழிகளையும் வண்டல் மூடியிருந்தது. எது எங்கே என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கசிவு கிணற்றில் இறங்கினால்...?

ஊற்றுக் கண்டதும் முதல் வாளியை என்னிடம் கொண்டுவந்தவன் ஆரோக்கியம், சௌரியின் புருஷன்.

"வாத்தியாரே, எங்க மூக்கு ஷாப்புலயே செத்துப்போச்சி. பொணத்த வச்சாக்கூட மல்லிப்பூன்னுவோம். நீங்க மோந்து பாத்துச் சொல்லுங்க."

தெருவே சுற்றி நின்றது. 'எனக்கும் தெரியாதப்பா'... இரண்டே வார்த்தை! படித்தவன் வாயில் அதுதானே வராது? கண்ணை மூடி, கச்சேரி கேட்பவனைப்போல முகர்ந்தேன்.

"பன்னீர் தோத்துது போ!" என்றேன்.

கொல்லென்று சிரித்தார்கள். சௌரி மட்டும் வாளிக்குள் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தாள். "இன்னாமோ சுண்ணாம்புத் தண்ணியாட்டம் வழவழன்னு கீதே?"

"வாத்தியாரே சொல்ட்டாரு. அவர விட உனக்கு ஜாஸ்தி தெரியுமா?" என்றான் ஆரோக்கியம்.

அவளுக்குத் தெரிந்திருந்தது.

மாதம் முடிவதற்குள் தெருவில் பாதிப்பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார்கள். நானும் அதே தண்ணீரைத்தான் குடித்தேன். எனக்கு வயிற்றில் ஒரு முணுமுணுப்போடு சரி. எல்லாரும் எழுந்தார்கள். சௌரி எழவில்லை.

கிணற்றோரம் தோண்டியபோது, சுவரை ஒட்டியே குழி! அழுகிய மயிரும் சுண்ணாம்பும்...

"வாத்தியாரு மோந்து சொன்னாரே!" என்று ஒருவன் கத்தினான்.

மனைவியைப் புதைத்து ஒரு வாரம்கூட ஆகாத ஆரோக்கியம் அவன்மேல் பாய்ந்தான். "அவர ஏன்டா பேஜார் பண்ற? அவரு மோந்தப்ப நல்லாத்தான் இருந்திச்சி. அப்பால கசிஞ்சிருக்கு. இன்னா வாத்தியாரே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

தலையை ஆட்டினேன்... ஆமாம் என்று!

ஒருவேளை அவன் சொன்னதே உண்மையோ? அன்று தண்ணீர் நன்றாகவே இருந்ததோ? அதைச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான், எனக்கோ தெரியாது.

இப்போது வேறிடத்தில் கிணறு இருக்கிறது. சௌரி எப்படிச் செத்தாள் என்று யார் கேட்டாலும், வாத்தியார் மேல் தப்பில்லை என்றே ஆரோக்கியம் தொடங்குகிறான். சில சமயம் நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.