அண்ணி எழுதிய வெட்டு

எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இதை நானே சொன்னால் பீற்றிக்கொள்கிறான் என்பீர்கள். எனக்கு அந்தச் சிரமமே வைக்காமல் ஊரெல்லாம் சொல்லிவிடுவார் என் அண்ணி. சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டவரும் அவர்தான். அதையும் வீட்டில் மாட்டவில்லை, தன் தையல் கூடத்தில், வெட்டு மேசைக்கு நேர் மேலே மாட்டினார். அளவு கொடுக்க வருகிறவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றால் கண் நேராக அதில்தான் போய் விழும். "என் கொழுந்தன். கம்ப்யூட்டர் படிப்பு" என்பார் அண்ணி, குண்டூசியைப் பல்லில் கடித்தபடியே.

அந்த அண்ணி ஒரு புரோகிராம் எழுதினார் ஐயா! நான் சொல்லிக் கொடுத்துத்தான் எழுதினார், ஆனால் ஒரு எழுத்தைக்கூட நான் தட்டவில்லை. அதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

கூடம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். சைக்கிள் கடைக்கு மேல் மாடி. ஆறு மிஷின், ஒரு நீள மேசை, ஓர் இஸ்திரிப் பெட்டி. கீழே டியூபுக்குக் காற்றடிக்கிற சத்தமும் மேலே மிஷின் சத்தமும் போட்டி போடும். அங்கே தைக்கிற அத்தனை பெண்களும் அண்ணியோடு பேக்டரியில் இருந்தவர்கள். பேக்டரியில் ஒருத்தி காலர் தைத்தால் காலம் பூராவும் காலர்தான், கை தைத்தால் கைதான். "எத்தனையோ வருஷம் சட்டை தச்சேன் தம்பி, ஒரு முழுச் சட்டையைக் கண்ணால பாத்ததில்ல" என்று அண்ணி சொல்வார். ஒரு முழுச் சட்டை தைக்க வேண்டும் என்ற வெறியில்தான் எல்லாரும் வெளியே வந்து இந்த மாடியைப் பிடித்தார்கள்.

ஆனால் அக்கம்பக்கத்து ரவிக்கையும் பள்ளிக்கூடப் பாவாடையும் ஆறு மிஷினுக்குப் போதவில்லை. அந்த நேரத்தில்தான் பக்கத்துத் தெருவில் புதிதாக ஓர் ஆஸ்பத்திரி வந்தது. நர்சுகளுக்கு மேல்சட்டை தைக்க வேண்டும். அண்ணி கதவைத் தட்டினார். தலைமை நர்சம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"எங்க பிள்ளைங்க மூணு ஷிஃப்ட். அளவெடுக்க வார்டுக்குள்ள ஆள விட முடியாது. பேக்டரிக்காரங்க சின்னது, நடுத்தரம், பெருசுன்னு கொண்டாந்து கொட்டிடறோம்ங்கறாங்க. நீங்க எப்படி?"

"போன்லயே அளவு வாங்கிக்கறேம்மா. நெட்ல ஒரு பக்கம் இருக்கு, அதுல போட்டு அனுப்பினா போதும்" என்றார் அண்ணி.

அப்படி ஒரு பக்கம் அப்போது இந்த உலகத்தில் எங்கேயும் கிடையாது!

நர்சம்மா பத்துப் பேருக்கு மட்டும் மாதிரித் துணி கொடுத்தார். பத்துக்கு மேல் ஒரு முழம் கூடக் கிடையாது. திங்கட்கிழமை காலை போட்டுப் பார்ப்பார்கள். பொருந்தினால் மொத்த ஆஸ்பத்திரியும் அண்ணிக்கு. பொருந்தாவிட்டால் பேக்டரிக்கு, அப்புறம் இந்தப் பெண்கள் பாடு மறுபடி காலர்தான்.

"நான் அரை நாள்ல பண்ணித் தரேன் அண்ணி" என்றேன்.

"நீ பண்ணிக் குடுத்தா நாளைக்கு ஒரு பட்டன் மாத்தணும்னாலும் உன் வாலைப் பிடிச்சுட்டுத் திரியணும். சொல்லிக் குடு, நானே தச்சுக்கறேன்."

வேன் ஓட்டிவிட்டு வந்த அண்ணன், லேப்டாப் முன்னால் அண்ணியைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னடா இது, உங்க அண்ணி தைக்கிறாளா, தட்டுறாளா?"

"ரெண்டுந்தான்" என்றார் அண்ணி. "நீங்க செருப்பை வெளிய விட்டுட்டு வாங்க."

நான் சொல்லிக் கொடுத்தேன். அந்த நெட் பக்கத்தில் தெரிகிற பெட்டிகள் எல்லாம் சேர்ந்ததுதான் ஃபார்ம். அதில் எழுதி, பட்டனை அழுத்தினால் எழுதியதெல்லாம் சர்வர் என்கிற வேறொரு கம்ப்யூட்டருக்குப் போகும். அங்கே உட்கார்ந்திருக்கிற ஃபங்ஷன் அதை வாங்கி வேலையைச் செய்யும். அண்ணி பட்டென்று பிடித்துக்கொண்டார். "அட, ஃபார்ம் அளவெடுக்கறவ. ஃபங்ஷன் வெட்டறவ. அவ கூப்பிடணும், இவ வெட்டணும். இதுக்கா நாலு வருஷம் படிச்ச?"

"அதுக்கு மேலயும் கொஞ்சம் இருக்கு அண்ணி!"

ஃபங்ஷனுக்கு 'வெட்டு' என்றே பெயர் வைத்தார். உயரம், தோள், கை, மார்பு, இடுப்பு எல்லாவற்றையும் அது வாங்கிக்கொள்ளும்; எங்கே எவ்வளவு லூஸ் விடுவது, தையலுக்கு எவ்வளவு விடுவது என்று கூட்டி, ஒவ்வொரு நர்சுக்கும் ஒரு வெட்டுச் சீட்டை அச்சடித்துத் தரும். முதல் சீட்டு பிரிண்டரிலிருந்து நாக்கை நீட்டியபோது ஆறு மிஷினும் நின்றுவிட்டன. யாரோ கை தட்டினார்கள். அண்ணி சீட்டை வெளிச்சத்தில் பிடித்து, மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தார். எனக்கு என் முதல் புரோகிராம் ஓடியபோதுகூட அப்படி உடம்பு சிலிர்க்கவில்லை.

பத்து நர்சுகளும் போனிலேயே அளவை அனுப்பிவிட, சனிக்கிழமை காலை துணி வெட்டத் தொடங்கினார்கள். நானும் போயிருந்தேன், எனக்கு லீவு. வெட்டுகிற அக்காவுக்கு அங்கே 'ஓவர்லாக்' என்று பெயர், துணியோரம் அடிக்கிற மிஷினின் பெயர். வாயைத் திறந்தால் ஓரம் அடித்து முடிக்காமல் நிறுத்த மாட்டார். முதல் சட்டையை வெட்டிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தவர், "ஏம்மா, இந்தப் பொண்ணுக்கும் மார்பு சின்னது, இடுப்பு பெருசு. அந்த ஆஸ்பத்திரி கேன்டீன் எங்க இருக்குன்னு விசாரிங்க, நானும் போறேன்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள்.

"அடுத்தவளும் அப்படித்தான். தொப்பை. இவளும் தொப்பை. உக்காந்துட்டே ஊசி போடுவாளுங்க போல."

சிரிப்பு ஏறியது. அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார்.

"கத்திரியைக் கீழ வை."

"என்னாச்சு?"

"ஒருத்திக்குத் தொப்பை இருக்கலாம். ரெண்டு பேருக்கு இருக்கலாம். ஆஸ்பத்திரிக்கே எப்படி இருக்கும்?"

அண்ணி போனை எடுத்து முதல் நர்சைக் கேட்டார். மறுமுனையில் அந்தப் பெண், "மார்பு முப்பத்தாறு, இடுப்பு முப்பதுன்னுதானேக்கா போட்டேன்?" என்றாள். சீட்டில் தலைகீழாக இருந்தது. மேசையில் அந்தச் சீட்டின்படி வெட்டிய துணி கிடந்தது.

"தம்பி, என் ஃபங்ஷன் பொய் சொல்லுது!"

"சோதிச்சப்ப சரியாத்தானே வந்துச்சு? அதுக்கப்புறம் எதையாவது தொட்டீங்களா அண்ணி?"

"வெட்டைத் தொடவே இல்ல. ஃபார்ம்ல மட்டும் ஒண்ணு மாத்தினேன். நர்சு பிள்ளைங்க, 'இடுப்பை நாங்களே அளந்துக்குவோம், மார்புக்குத்தான் துணைக்கு ஆள் வேணும், அதைக் கடைசில வைங்கக்கா'ன்னு கேட்டாங்க. இடுப்புப் பெட்டியைத் தூக்கி முன்னால வச்சேன். ஒரு வரி. அதுல என்ன?"

எனக்குச் சுரீர் என்றது. "ஃபார்ம்ல இருந்து வர்றதை வெட்டுக்கு எப்படிக் குடுக்கறீங்க?"

"எப்படின்னா? வரிசையா. வந்தது வந்தபடியே."

எழுதியதைத் திறந்து பார்த்தேன். அண்ணி தையல்காரியாக எழுதியிருந்தார்! அவர்கள் கூடத்தில் அளவெடுக்கிறவர் வெறும் எண்களைத்தான் கூப்பிடுவார். இது தோள், இது கை என்று சொன்னால் 'புதுசா?' என்று கேலி செய்வார்கள். வரிசை எல்லாருக்கும் மனப்பாடம், மாறவே மாறாது. அதே பழக்கத்தில், ஃபார்மில் வந்த எண்களை வந்த வரிசையிலேயே வெட்டிடம் தள்ளியிருந்தார். நாலாவதாக வருவது மார்பு என்று வெட்டு நம்பிக்கொண்டிருந்தது. பெட்டி இடம் மாறியது அதற்கு எப்படித் தெரியும்?

"ஒவ்வொரு பெட்டிக்கும் பேர் வச்சீங்கல்ல அண்ணி?"

"நீதானே வைக்கச் சொன்ன, வச்சேன்."

"அந்தப் பேரும் எண்ணோட சேர்ந்துதான் சர்வருக்கு வருது."

அண்ணி என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு நெற்றியில் ஓர் அடி. "பேர் வச்ச பிள்ளையைப் போய் நாலாவது, அஞ்சாவதுன்னு கூப்பிட்டிருக்கேன்! நகரு, நகரு."

என்னை நாற்காலியோடு தள்ளிவிட்டு உட்கார்ந்தார். மார்பு என்ற பெயரில் வந்ததை வெட்டின் மார்புக்கு, இடுப்பு என்ற பெயரில் வந்ததை இடுப்புக்கு என்று ஒவ்வொன்றையும் பெயரைச் சொல்லிக் கொடுத்தார். ஓவர்லாக் அக்கா பின்னால் நின்று, "எழுத்து விட்டுடாதடி" என்று மிரட்டிக்கொண்டே இருந்தார், திரையில் அவருக்கு ஒன்றும் புரியாவிட்டாலும். புதுச் சீட்டுகள் வந்தன. பத்துப் பேர் தொப்பையும் ஒரே நொடியில் கரைந்தது!

மீதித் துணி தப்பித்தது. வெட்டிய ஒன்று என்ன ஆவது? வேறு துணி இல்லை. ஒன்பது சட்டையோடு போனால் பேக்டரிக்காரனுக்குக் கதவைத் திறந்துவிட்டது போல. அண்ணி அந்தத் துணியை மேசையில் விரித்து, கையால் தடவி, மிச்சம் விழுந்த துண்டுகளை எல்லாம் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் அக்குள்ல இருந்து கீழ வரைக்கும் ஒரு துணிப்பட்டி குடுத்தா மார்பு விரியும். இடுப்புல கூட இருக்கறதைப் பிடிச்சுடலாம்."

"பட்டி வச்சது கண்ணுக்குத் தெரியுமே" என்றார் ஓவர்லாக்.

"தெரியட்டும். தையலோட தையலா ஒரு பாக்கெட்டையும் வச்சுடு. வேணும்னே வச்ச மாதிரி இருக்கும்."

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியில் நானும் நின்றேன், அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் தாமதம் சொல்லிவிட்டு. பத்து நர்சுகளும் போட்டுக்கொண்டு வந்தார்கள். கையைத் தூக்கச் சொன்னார் தலைமை நர்சம்மா. குனியச் சொன்னார். எங்கும் இழுக்கவில்லை, எங்கும் தொங்கவில்லை. எனக்கு விசில் அடிக்கலாம் போல இருந்தது. ஆனால் அவர் அந்தப் பட்டி வைத்த சட்டையின் முன்னால் நின்றுவிட்டார்.

"இது மட்டும் ஏன் வேற மாதிரி?"

அண்ணி முன்னால் வந்தார். "என் தப்பும்மா. அளவு மாறிப்போய் வெட்டிட்டோம். உங்க துணியைப் பாழாக்கக் கூடாதுன்னு பட்டி வச்சுத் தேத்தினேன். இனிமே மாறாது, மாறின இடத்தைச் சரி பண்ணியாச்சு."

நர்சம்மா பதில் சொல்வதற்குள் அந்தச் சட்டைக்காரப் பெண் பாக்கெட்டுக்குள் பேனா, கத்தரி, தெர்மாமீட்டர் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். "மேடம், இதைக் கழட்டச் சொல்லாதீங்க. கை ரெண்டும் சும்மா இருக்கு பாருங்க!"

"அவளுக்கு மட்டும் பாக்கெட்டா?" என்று மற்ற ஒன்பது பேரும் பிடித்துக்கொண்டார்கள். "எனக்கு இடது பக்கம் வேணும்க்கா!" "எனக்கு வலது!"

"சத்தம் போடாதீங்க, இது வார்டு" என்றார் நர்சம்மா. அப்புறம் அண்ணியிடம் திரும்பி, "எல்லாருக்கும் வைக்க முடியுமா? ஆளுக்கு ஒரு பக்கம் கேட்டா மறுபடி மாறிடாதே?"

அண்ணி மருந்துத் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு லேப்டாப்பைத் திறந்தார். 'பாக்கெட் எந்தப் பக்கம்?' என்று ஒரு புதுப் பெட்டி. அதைக் கடைசியில் வைத்தால் வம்பில்லை. அவரோ எடுத்துக்கொண்டு போய் இடுப்புக்கும் மார்புக்கும் நட்டநடுவில் செருகினார். "அண்ணி..." என்றேன். "சும்மா இரு" என்றார். வெட்டில் ஒரு வரி சேர்த்தார். ஒரு நர்சிடம் போனில் திறக்கச் சொல்லி, நிரப்பச் சொல்லி, அனுப்பச் சொன்னார்.

சீட்டு திரையில் வந்தது. நர்சம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மார்பையும் இடுப்பையும் அந்தப் பெண்ணிடமே கேட்டுச் சரிபார்த்தார். எல்லாம் அதனதன் இடத்தில். பாக்கெட், இடது.

"மத்த நர்சுங்க எல்லாரையும் அளவு அனுப்பச் சொல்றேன்" என்றார் நர்சம்மா. "மொத்தத் துணியும் மதியம் வந்துடும்."

படியிறங்கும்வரை அண்ணி அடக்கிக்கொண்டுதான் வந்தார். தெருவுக்கு வந்ததும் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார் பாருங்கள், இன்னும் வலிக்கிறது! அங்கேயே நின்று கூடத்துக்குப் போன் போட்டார். மறுமுனையில் ஆறு பெண்களும் கத்திய கத்தல் பத்தடி தள்ளி நின்ற எனக்கே கேட்டது. அதையும் மீறி ஓவர்லாக் அக்காவின் குரல்: "அந்தத் தொப்பைச் சீட்டைக் கிழிச்சுடவா?"

"கிழிச்சே, கையை ஒடிப்பேன்" என்றார் அண்ணி. "தம்பி சர்டிபிகேட் பக்கத்துல இன்னொரு ஆணி அடி. வந்து மாட்டறேன்."