கத்தரித் தோட்டத்தில் முதல் கை

என் மாமியாருக்குக் கைராசிக்காரி என்று ஊரில் பெயர். சித்தையன்கோட்டைப் பக்கம் எங்கள் தெருவில் யார் தோட்டத்தில் காய் பறிப்புக்கு வந்தாலும், முதல் காயைத் தொட அவரைத்தான் கூப்பிடுவார்கள். மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் என்ற பேதமெல்லாம் இதில் கிடையாது. அத்தை போவார். செருப்பை வரப்பில் கழற்றி வைப்பார். முந்தானையை இழுத்துச் செருகி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, மூன்று காயைப் பறித்து மடியில் போடுவார். அதன் பிறகுதான் கூலிக்கு வந்த பெண்கள் கூடையோடு இறங்குவார்கள். திரும்பி வரும்போது அத்தையின் மடி நிறையக் காய் இருக்கும். மகசூல் நன்றாக வந்தால் அது அவருடைய கை. புழு விழுந்தால் அது மருந்துக்கடைக்காரர் குற்றம். இந்த நியாயம் எனக்கு விளங்கவே இல்லை. ஆனால் ஊரில் யாரும் அதைக் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

நான் திண்டுக்கல் டவுனில் பிறந்தவள். கல்யாணத்துக்குப் பிறகும் அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். காலையில் பஸ் பிடித்துப் போய்ச் சாயங்காலம் அலுத்துச் சலித்து வந்தால், அன்றைக்கு யார் தோட்டத்தில் கைவைத்தார் என்ற கதையை அத்தை ஆரம்பித்துவிடுவார். "நான் தொட்டுக் குடுத்தா செடி ஓயாது, பாத்துக்க" என்பார். தற்பெருமைக்கும் ஓர் அளவு வேண்டாமா என்று எனக்குக் கடுப்பாக இருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருடம், மாமா புரட்டாசியில் கத்தரி நட்டார். ஐப்பசி மழையில் நெஞ்சு வலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நட்டவர் போனது செடிக்குத் தெரியுமா? அதுபாட்டுக்குப் பூவெடுத்து, பிஞ்சு பிடித்து, கார்த்திகையில் காய் தொங்கியது.

ஆனால் வீட்டில் யாரும் பறிப்பைப் பற்றிப் பேசவில்லை. "நாளைக்குச் செவ்வாக்கெழமையில்ல" என்றார் என் வீட்டுக்காரர். செவ்வாய் போனதும் சின்ன மாமனார், அதாவது மாமாவின் தம்பி, அமாவாசை போகட்டும் என்றார். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற குடும்பத்தில் செவ்வாயும் அமாவாசையும் எங்கிருந்து முளைத்தன என்று நான் கேட்கவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். புருஷனை இழந்தவர் முதல் காயைத் தொடலாமா என்பதுதான் அது. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் ஒருவருக்கும் தைரியம் இல்லை. வாய் ஓயாத அத்தையும் அந்த நாட்களில் பேசவில்லை. செடியின் அடியில் இருந்த காய்கள் முற்றி மஞ்சள் ஓடத் தொடங்கின.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சின்ன மாமனார் வந்தார். அத்தை அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்காமல் சின்ன மாமனார் என்னிடம் சொன்னார்: "ஏம்மா, காலையில பூசைக்கு முன்னாடி நீ போயித் தொட்டு வச்சிரு. மொதக் காய் கோயிலுக்குப் போகணும்ல."

முதலில் பறித்ததைப் பீடத்தில் காணிக்கையாக வைப்பதும், பூசை முடிந்ததும் கோயில் வாசலில் அதை ஏலம் விடுவதும் எங்கள் பக்கத்து வழக்கம்.

"எனக்குப் பறிக்கத் தெரியாதே மாமா" என்றேன்.

"அவதான் வைக்கணும்" என்றார் அத்தை, தலையைத் தூக்காமல். "நான் வைக்கக் கூடாதுல்ல."

எனக்குக் கோபம் வந்தது. அதிலும் அத்தை மேல்தான் அதிகம் வந்தது. இத்தனை வருடம் ஊரையே அதட்டி வைத்திருந்தவர் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் விடிந்ததும் போனோம். கூலிப் பெண்கள் கூடையோடு வரப்பில் நின்றார்கள். பக்கத்துத் தோட்டத்து அக்கா வேடிக்கை பார்க்க வந்திருந்தார். அத்தை எல்லோருக்கும் பின்னால், மோட்டார் ரூம் ஓரமாக நின்றார். நான் சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினேன். கடையில் வாங்கும் கத்தரிக்காயில் காம்பு முள் வாடியிருக்கும். செடியில் அது ஊசி. குத்தியதும் வெடுக்கென்று இழுத்தேன். காயோடு கொப்பும், அதிலிருந்த பூவும் பிஞ்சும் பிய்ந்துகொண்டு வந்தன.

"அய்யோ, கொப்ப ஒடிக்கிறா பாரு!" என்று பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது. "அவரு பாத்துப் பாத்து வளத்த செடிடி! தள்ளு அங்கிட்டு!"

செருப்பை உதறிவிட்டு இறங்கி வந்தவர் என்னை ஓர் இடி இடித்துத் தள்ளினார். கட்டைவிரலால் காம்பை மேலே வளைத்து ஒரு காய் பறித்தார். அடுத்து ஒன்று. அடுத்து ஒன்று. "டீச்சராம் டீச்சரு. இம்புட்டுப் படிச்சு என்னத்துக்கு ஆச்சு" என்று திட்டும் அழுகையுமாக அந்த வரிசை முடியும்வரை பறித்துக்கொண்டே போனார். மடி நிறைந்த பிறகுதான் என்ன செய்தோம் என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அப்படியே நின்றுவிட்டார்.

சின்ன மாமனார் மோட்டாரைப் பார்க்கப் போவதுபோல நகர்ந்தார். கூலிப் பெண்களில் மூத்தவர், "எறங்குங்கடி, வெயில் ஏறுது" என்றார். அந்த மடிக் காய்தான் கோயிலுக்குப் போனது. பங்குச் சாமியார் வழக்கம்போல அதன்மேலும் தீர்த்தம் தெளித்தார்.

அடுத்த வாரம் பக்கத்துத் தோட்டத்து அக்கா எங்கள் வாசலுக்கு வந்தார். அவர்கள் வீட்டு வெண்டை பறிப்புக்கு வந்திருந்தது. குரல் கேட்டதுமே அத்தை எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினார்.

"டீச்சர், நாளைக்கு எங்க வெண்டைக்கு நீங்க வந்து கைவைக்கணும்" என்றார் அக்கா.

அத்தை செருகிய முந்தானையை எடுத்துவிட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

"நான் கொப்ப ஒடிச்சிருவேங்க்கா" என்றேன்.

"தொட்டாப் போதும் டீச்சர்."

பள்ளிக்கூடம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அத்தை மேல் பாசம் என்று சொல்லத்தக்க ஒன்று எனக்கு வந்தது அன்றைக்குத்தான். ஆனால் அதையெல்லாம் சொல்லிக்கொள்ளும் பழக்கம் எங்களுக்குள் இல்லை. அவருக்குச் சோறு போட்டேன்.

அதன் பிறகு ஊரில் யாரும் அத்தையைக் கூப்பிடவில்லை. மடியில் காய் வருவதும் நின்றுபோனது.

எங்கள் கத்தரிக்கு மட்டும் ஒவ்வொரு வருடமும் நான் இறங்கினேன். லீவு நாட்களில் தோட்டத்துக்குப் போய்ப் போய் எனக்கும் பறிக்க நன்றாகவே வந்துவிட்டது. ஆனாலும் முதல் பறிப்பன்று வெடுக்கென்று இழுப்பேன். கொப்பு ஒடியும். "இந்த வருசமும் ஒடிச்சிட்டா பாரு!" என்று அத்தை திட்டிக்கொண்டே இறங்கி வந்து மடி நிறையப் பறிப்பார். கூலிப் பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். "நீ எப்பத்தாம்மா பழகப் போற" என்று சின்ன மாமனார் உண்மையாகவே அலுத்துக்கொள்வார்.

அத்தைக்கு இது தெரியுமா என்று நான் கேட்டதில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு அவருக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. வரப்பில் ஏறி இறங்கவே சிரமப்பட்டார். அவர் கடைசியாகத் தோட்டத்துக்கு வந்த வருடம், நான் சிலுவை போட்டுவிட்டு, செடியில் கைவைக்கும் முன் திரும்பிப் பார்த்தேன். அத்தை அதற்குள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, முந்தானையையும் செருகிக்கொண்டு வரப்பின் விளிம்பில் நின்றார்.

"என்ன பாக்குற? வெரசா ஒடி, வெயில் ஏறுது" என்றார்.