பேரை எடுக்கவா?

எங்கள் சங்கத்தில் பேர் கூப்பிடுகிற வரவு இடாப்பில் சிவப்புக் கோடு விழுந்த பேர்கள் ஆறு. ஆறும் மௌத்தாகிப் போன பொண்டுகளின் பேர்கள். கோடு பேரின் நடுவால் போகும், ஆனால் பேரை மறைக்காது. கோட்டுக்குக் கீழே யார் என்று வாசிக்கலாம். அப்படித்தான் போட வேண்டும் என்று எனக்குக் காட்டித் தந்தவள் மச்சி. ஆறாவது பேர் அவளுடையது.

மச்சி என்றால் சொந்த மச்சி இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். கல்யாணம் முடித்து இந்தக் கடற்கரைக்கு வந்த நாளிலிருந்து ஒருவரை ஒருவர் அப்படித்தான் கூப்பிட்டோம். நாட்டுச் சண்டை முடிந்த பிறகு, கருவாடு போடுகிற பொண்டுகளுக்கும் ஒரு சங்கம் வேண்டும் என்று வீடு வீடாக ஏறி இறங்கியவள் அவள். தலைவியும் அவள்தான். நான் இடாப்பு எழுதுகிறவள். ஐந்தாம் வகுப்போடு நின்ற கையெழுத்து. கூட்டத்தில் வாய் திறக்க மாட்டேன். எழுதிக் கொடுப்பேன், பேர்களை மச்சி சத்தமாகக் கூப்பிடுவாள்.

ஒரு முறை, மௌத்தாகி ஒரு கிழமையும் ஆகாத ஒருத்தியின் பேரைப் பழக்கதோசத்தில் கூப்பிட்டுவிட்டாள். அந்த மனுசியின் மகள் கூட்டத்தில் இருந்தாள். எழும்பி வெளியே போய்விட்டாள். அன்றைக்கு மச்சி அழுததை நான் பார்த்தேன். அதிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. ஒருத்தி மௌத்தானால், அடுத்த கூட்டத்துக்கு முன்னால் அவள் பேரில் கோடு விழ வேண்டும். கோட்டைப் போடுகிறது அவளோடு ஆகக் கிட்ட இருந்தவளாக இருக்க வேண்டும்.

வெப்சைட் எங்களுக்குச் சிலாபத்தில் இருந்து வந்தது. தபால் கந்தோரில் வேலை செய்து பென்ஷன் எடுத்த சிங்கள ஐயா ஒருவர் அங்கே இருக்கிறார். நல்ல தமிழ் பேசுவார். அவரும், வேறு வேறு ஊர்களிலும் வெளிநாட்டிலும் இருக்கிற சிலரும் சேர்ந்து, சின்னச் சங்கங்களுக்கென்று ஒரு புரோகிராம் செய்து வைத்திருந்தார்கள். அதை யாரும் எடுக்கலாம், எடுத்துத் தங்கள் சங்கத்தின் பேரைப் போட்டுக்கொள்ளலாம். உள்ளே எப்படிச் செய்திருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை, தெரிந்தவர்கள் திருத்தலாம். ஒரு சங்கம் ஒன்றைத் திருத்தினால் அந்தத் திருத்தம் எல்லாச் சங்கத்துக்கும் போகும்.

எனக்கு அது விளங்கவில்லை. "அப்ப இது யார்ட சாமான்?" என்று மச்சியிடம் கேட்டேன்.

"கல்யாண வீட்டுச் சகன் மாதிரி, மச்சி. ஆறு பேர் ஒரே தட்டச் சுத்தி இருந்து தின்றதில்லையா? அது யார்ட சோறு? எல்லாருடதும்தான். ஆனா ஒருத்தி உப்ப அள்ளிப் போட்டா ஆறு பேருக்கும் உப்புத்தான்."

அந்தப் பேச்சு இப்போதும் எனக்குக் காதில் நிற்கிறது.

திரையில் வந்த தமிழ் எங்கள் பொண்டுகளுக்குப் பிடிபடவில்லை. "உள்நுழைவுச் சான்றுகளை உள்ளிடவும்" என்று ஒரு இடத்தில் இருந்தது. மச்சி அதை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "இது யாருக்கு எழுதின தமிழ்? ஜின்னுக்கா?" என்று கேட்டாள். சிலாபத்து ஐயாவுக்கே போன் எடுத்து அதையே கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, "அப்ப நீங்களே மாத்தித் தாங்க அம்மா. உங்களுக்கு விளங்கினா எல்லாருக்கும் விளங்கும்" என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. அஸர் தொழுதுவிட்டு, காய்ந்த கருவாட்டைச் சாக்கால் மூடி வைத்துவிட்டு, இரண்டு பேரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு இருப்போம். அவள் வாசிப்பாள், திட்டுவாள், பேச்சில் எப்படிச் சொல்வோம் என்று சொல்லிப் பார்ப்பாள். நான் கொப்பியில் எழுதுவேன். பக்கத்தைப் படம் பிடித்து ஐயாவுக்கு அனுப்புவோம். ஜின்னுடைய வசனம் "உங்கட பேரையும் இரகசியச் சொல்லையும் போடுங்க" என்று ஆனது. இரண்டு நாளில் அது திரையில் வந்தது. எங்கேயோ கிழக்குக் கரையில், முகம் தெரியாத ஒரு பொண்டு நான் எழுதியதை வாசிக்கிறாள் என்று நினைக்க எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நெஞ்சு நிறைந்தும் இருந்தது. வீட்டில்கூட யாரும் என்னிடம் எதையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்டதில்லை.

ஒரு நாள் நீளமான வசனம் ஒன்று வந்தது. உறுப்பினர் பட்டியலில் இருந்து ஒருவரை எடுக்கிற இடத்தில் கேட்கிற கேள்வி. அவரை எடுத்தால் அவர் பதிந்த எல்லாமே நிரந்தரமாக அகற்றப்படும், சம்மதமா என்று கேட்டது. மூன்று வரி.

"இவ்வளவையும் யார் வாசிக்கிறது? வாசிச்சு முடிக்க மீன் நாறிப் போகும்" என்றாள் மச்சி. "பேரை எடுக்கவா என்டு போடு. அது போதும்."

நான் போட்டேன். "பேரை எடுக்கவா? ஓம். இல்லை." அழகாக, சின்னதாக இருந்தது. அதுவும் எல்லாச் சங்கத்துக்கும் போனது.

எழுத வாசிக்கத் தெரியாத பொண்டுகளுக்காக மச்சி அறிவித்தல்களைக் குரலில் பதிந்து போடுவாள். போனில் வைத்திருக்கவில்லை, நேரே வெப்சைட்டில்தான். "அஸ்ஸலாமு அலைக்கும். நான்தான். நாளைக்குக் கட்டா வருது. கத்தியத் தீட்டிக்கிட்டு வாங்க, கதையத் தீட்டிக்கிட்டு வராதீங்க." பேச முதல் ஒரு செருமல், முடிவில் ஒரு சிரிப்பு. மூன்று வருசம் அப்படிப் போட்டாள். நான் பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பேன். "நீயும் ஒரு சொல்லுச் சொல்லேன், என்ன, வாயில நெத்தலி முள்ளு சிக்கியிரிக்கா?" என்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டுவாள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வேன். ஒருநாளும் பேசவில்லை.

அவளுடைய ஒரே மகள் சவூதியில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் அந்த அறிவித்தல்களைக் கேட்பாளாம். மீன் வந்தால் அவளுக்கென்ன, வராவிட்டால் அவளுக்கென்ன. உம்மாவின் குரலுக்காகக் கேட்பாள்.

மச்சி ஒரு வியாழக்கிழமை காலையில் நெஞ்சு பாரமாக இருக்கிறது என்றாள். புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே, என் மடியில், முடிந்துவிட்டது. அன்றைக்கே அஸரோடு அடக்கினார்கள். மகளுக்கு வரக் கிடைக்கவில்லை. போனில் நான்தான் பேசினேன். அழுது முடித்துவிட்டு அவள் சொன்னாள்:

"மாமி, உம்மாட கொரல் வெப்சைட்டுல இரிக்கிதானே?"

"இரிக்கி மகள்."

"இப்ப என்னால கேக்க ஏலா. கேட்டா நெஞ்சு வெடிச்சிரும். நாப்பது கழியட்டும். பொறகு ஒவ்வொன்டா கேப்பன். அது இரிக்கி என்டு நினைச்சுத்தான் நிக்கிறன், மாமி."

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். சனிக்கிழமை காலையில் இடாப்பை எடுத்து, அவள் பேரில் சிவப்புக் கோட்டைப் போட்டேன். கோடு வளைந்து போனது. அப்போதுதான் போனில் இருக்கிற பட்டியல் ஞாபகம் வந்தது. மற்ற ஐந்து பேரும் அது வர முதலே போனவர்கள். அங்கே முதல் பேர் அவளுடையது. நாளைக்கு யாராவது அதைப் பார்த்து வாசித்துவிட்டால்? இடாப்பில் செய்தால் அங்கேயும் செய்ய வேண்டும். ஆகக் கிட்ட இருந்தவள் செய்ய வேண்டும். பேரை அமத்தினேன். "பேரை எடுக்கவா?" என்று கேட்டது. நான் எழுதிய கேள்வி. எனக்கு விளங்குகிற தமிழ். ஓம் என்று கொடுத்தேன்.

பேர் போனது. படம் போனது. அறிவித்தல் பக்கத்தைத் திறந்தேன், வெள்ளையாக இருந்தது. மேலே தள்ளினேன், கீழே தள்ளினேன். மூன்று வருசத்துக் குரலில் ஒரு செருமல்கூட இல்லை. பிறகுதான் அந்த மூன்று வரி வசனம் எனக்கு முழுதாக ஞாபகம் வந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. ஐயாவுடைய நம்பர் என்னிடம் இருந்தது. மச்சி இல்லாமல் நான் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. போனைக் கையில் எடுப்பேன், வைத்துவிடுவேன். என்ன சொல்வது? கூட்டத்தில் ஒருத்தி, "நீங்க அத எடுத்தது நல்லம் ராத்தா. அவட கொரலக் கேட்டா வேலை ஓடாது" என்றாள். நான் வேண்டுமென்று எடுத்ததாக அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்துவிட்டேன். அப்படியே பதினொரு நாள் போனது.

பதினோராம் நாள், எல்லாச் சங்கங்களும் கேள்வி கேட்கிற பொதுப் பக்கத்தில் ஒரு செய்தி கிடந்தது. முன்னேஸ்வரம் பக்கம் கோயிலுக்குப் பூ மாலை கட்டுகிற பெண்களின் சங்கம். "எங்கட தலைவி அம்மா காலமாயிட்டா. பட்டியல்ல அவட பேர எப்பிடி எடுக்கிறது?" அதற்குக் கீழே யாரோ பதில் போட்டிருந்தார்கள்: "பேர அமத்துங்க. பேரை எடுக்கவா என்டு கேக்கும். ஓம் குடுங்க."

கருவாடு கழுவிய கையைத் துடைக்கவும் இல்லை. "எடுக்க வேணாம். எல்லாம் போயிரும். எனக்குப் போயிட்டு" என்று எழுதினேன். அந்தப் பக்கத்தில் நான் எழுதிய முதல் எழுத்து அதுதான்.

பத்து நிமிசத்தில் சிலாபத்து ஐயா போன் எடுத்தார். அன்றைக்கு அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முடிவில்தான் அவர் கேட்டார்.

"எத்தனை நாளாச்சு அம்மா?"

"பதினொன்டு."

அவர் மெல்லச் சொன்னார். "நாங்க எல்லாத்துலயும் ஒரு நகல் எடுத்து வைக்கிறது. ஆனா ஏழு நாளைக்குத்தான் அம்மா. அதுக்குப் பொறகு புதுசு வரக்குள்ள பழசு அழிஞ்சிரும். நீங்க அன்டைக்கே..." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது அவருடைய நல்ல மனசு. ஆனால் எனக்கு விளங்கிவிட்டது. தெரியாமல் எடுத்தது ஒரு பிழை. அதற்கு அல்லாஹ் மன்னிப்பான். வாய் திறக்காமல் இருந்தேனே, அந்த நாட்களுக்கு நான் யாரிடம் போய்க் கேட்பது?

முன்னேஸ்வரத்துப் பெண்கள் எடுக்கவில்லை. அவர்களுடைய தலைவி அம்மா பதிந்ததெல்லாம் இன்னும் இருக்கிறது.

ஐயாவும் மற்றவர்களும் அந்த இடத்தைத் திருத்தினார்கள். என்ன கேள்வி போடுவது என்று எல்லாரும் பொதுப் பக்கத்தில் கதைத்தார்கள். நாங்கள் மௌத் என்போம், முன்னேஸ்வரத்தில் காலமானவர் என்பார்கள், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர் வேறு மாதிரிச் சொல்வார்கள். கடைசியில் என்னைக் கேட்டார்கள். நான் கொப்பியில் எழுதினேன்: "இவர் உயிரோடு இருக்கிறாரா? ஓம். இல்லை." இல்லை என்று கொடுத்தால் பேர் கூப்பிடுகிற பட்டியலில் இருந்து போகும், ஆனால் அவருடைய பக்கமும் குரலும் அப்படியே இருக்கும். மற்றவர்கள் அங்கே ஒரு நினைவைப் பதிந்து வைக்க இடமும் விட்டார்கள்.

சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொன்னார் ஐயா. பார்ப்பதற்கு எனக்கு ஒரு பேர்தான் இருந்தது. மச்சியைப் புதிதாகப் பதிந்தேன். படத்தைப் போட்டேன். "இவர் உயிரோடு இருக்கிறாரா?" என்று கேட்டது. இல்லை என்று அமத்தினேன். கோடு போட்டேன், பேரை எடுத்தேன், ஆனால் அவள் உயிரோடு இல்லை என்று நான் என் கையால் சொன்னது அன்றைக்குத்தான். அவளுடைய பக்கம் திறந்தது. படத்துக்குக் கீழே நான் முன்பு எழுதிக் கொடுத்த வேறொரு வசனம் நின்றது: "இன்னும் ஒன்றும் பதியவில்லை."

நாற்பதாம் நாள் கத்தம் ஓதினோம். அடுத்த நாள் மகள் கேட்க முதல் நானே போன் எடுத்தேன். ஒன்றையும் மறைக்கவில்லை. பதினொரு நாளையும் சொன்னேன். அந்தப் பக்கம் யாரோ அரபியில் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

"ஒன்டு கூடவா இல்ல, மாமி?"

"இல்ல மகள்."

"சரி. வைக்கிறன்."

அதற்குப் பிறகு அவள் எனக்குப் பேசவில்லை. நான் இரண்டு தரம் எடுத்தேன், அவள் எடுக்கவில்லை. பெருநாளைக்கும் எடுக்கவில்லை. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், அதை வேறு ஆட்கள் எத்தனை தரம் திறந்து பார்த்தார்கள் என்று காட்டும். மச்சியின் வெறும் பக்கத்தில் அந்த எண் வெள்ளிக்கிழமைகளில் ஒன்று கூடுகிறது. இங்கே யாரும் அதைத் திறப்பதில்லை, நான் விசாரித்துவிட்டேன். ளுஹருக்குப் பிறகுதான் கூடுகிறது.

போன வியாழக்கிழமை, மீன் வெட்டுகிற வேலை முடிந்து எல்லாரும் போன பிறகு, நினைவு பதிகிற இடத்தை அமத்தினேன். மச்சி சொன்ன அறிவித்தல்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். பக்கத்தில் இருந்து கேட்டவள் நான்தானே. "நாளைக்குக் கட்டா வருது" என்று தொடங்கினேன். கத்தி வந்தது, கதை வந்தது. சொல் ஒன்றும் பிழைக்கவில்லை. முடிவில் அவள் சிரிக்கிற இடம் வந்தபோது எனக்குச் சிரிக்க வரவில்லை. கொஞ்ச நேரம் கடல் சத்தம் மட்டும் பதிந்தது. அழிக்காமல் அப்படியே போட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை எண் ஒன்று கூடியிருந்தது. கேட்டாளோ, என் குரல் என்று தெரிந்ததும் மூடிவிட்டாளோ, அதை அந்தப் பக்கம் காட்டாது.