எழுபத்திரண்டு போல்ட்டுகள்

நெருப்பக்கா பற்றவைத்த இரும்பைப் பிரிக்க வேண்டுமானால் நிலநடுக்கமே முன்கூட்டி அனுமதி கேட்டுத்தான் வர வேண்டும் என்று பட்டறைத் தெருவில் பேசிக்கொள்வார்கள். ஒருமுறை அவள் செய்த இரும்புக் கேட்டில் லாரி மோதி, லாரிதான் அழுதுகொண்டு திரும்பிப் போனதாம். சொன்னவர் அந்த லாரியின் ஓட்டுநர். ஆகவே பாதியாவது மெய்யாக இருக்கும்.

முப்பது வருடமாகக் கணவர் அளவெடுப்பார், அவள் பற்றவைப்பாள். பேச்சிலும் அப்படித்தான்: அவர் அளவு, அவள் நெருப்பு.

கல்லூரிக்குப் புது வகுப்பறைக் கட்டடம் எழும்பியபோது, மூன்று இரும்புப் படிக்கட்டுகளில் முதலாவது அவர்களுக்குக் கிடைத்தது. அது சரியாக அமைந்தால் மற்ற இரண்டும் என்று பேச்சு. பழைய கட்டடத்தை இடித்த செங்கல்லே அங்கே சுவராகியிருந்தது. மழைநீர் தொட்டிக்குப் போனது. காற்று தானாக வந்துபோக ஜன்னல்கள் இருந்தன. இன்ஜினியர் பெண்ணுக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது.

“அக்கா, படிகளை வெல்டு பண்ணாதீங்க. போல்ட்டு மட்டும்தான். அம்பது வருஷம் கழிச்சு இந்தக் கட்டடம் வேண்டாம்னு ஆனாலும் படிக்கட்டைக் கழட்டி வேற இடத்துல மாட்டிக்கலாம்” என்றாள் அவள்.

கல்யாண மேடையில் விவாகரத்துப் பத்திரத்தை நீட்டியதுபோல் இருந்தது நெருப்பக்காவுக்கு. “சரிம்மா” என்று தலை ஆடியது; கை சம்மதிக்கவில்லை. படிகளைப் பொருத்திய பிறகு, ஒவ்வொரு போல்ட்டுக்கும் அடியில், யாரும் குனிந்து பார்க்காத இடத்தில், பட்டாணியளவு பற்றவைத்தாள். பதினெட்டுப் படி, படிக்கு நாலு போல்ட்டு. மேலே பெயிண்டும் பூசிவிட்டாள். கணவரிடம்கூட மூச்சு விடவில்லை.

பிறகு கீழ்த்தளத்தில் பழைய கட்டடத்தின் கல் பலகைகளைப் பதித்தார்கள். நினைத்ததைவிடத் தடிமன். தரை ஒரு விரற்கடை உயர்ந்து, முதல் படி மட்டும் குட்டையாகிப்போனது. ஏறியவர்களெல்லாம் தடுக்கினார்கள்.

இன்ஜினியர் அசரவில்லை. “துளையெல்லாம் நீளமாத்தானே இருக்கு? போல்ட்டைத் தளர்த்தி எல்லாப் படியையும் கொஞ்சம் கொஞ்சமா தூக்கிடுங்க. மூணு மணிக்குப் பிரின்ஸிபால் பாக்க வர்றார். உங்களுக்கு ஒரு மணி நேர வேலை.”

அப்போது காலை ஒன்பது. கணவர் ஸ்பேனரை மாட்டித் தொங்கினார். போல்ட்டு அசையவில்லை.

“என்னடி இது, துருப்பிடிக்கக்கூட நாளாகலையே?”

அவள் கூரையை ஆராய்ந்தாள். அந்தப் பார்வை அவருக்குப் பழக்கம்.

“எத்தனை?”

“எல்லாம்.”

“எழுபத்திரண்டுமா?”

“கை தானாப் போயிடுச்சுங்க.”

“அந்தக் கையை வீட்டுல விட்டுட்டு வந்திருக்கலாம்.”

கல் பதித்தவர்கள்மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. மென்று விழுங்கிவிட்டு இன்ஜினியரிடம் போனாள். “தப்பு என்னுதும்மா. போல்ட்டை நம்பாம அத்தனையும் பத்தவெச்சுட்டேன். மூணு மணிக்குள்ள நானே எடுத்துடறேன்.”

அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “படி கழண்டுடும்னு பயமாக்கா, உங்க பேரு கழண்டுடும்னா?”

“ரெண்டும்தான்.”

படிகளுக்கு அடியில் மல்லாந்து படுத்து, கிரைண்டரால் ஒவ்வொரு பட்டாணியாக அவள் தேய்க்கத் தொடங்கினாள். பறந்த பொறிக்குப் பயந்து அன்று காக்கைகள் சுற்றுவழியில் போயின. நாற்பதாவது போல்ட்டில் தோள் மரத்தது. கணவர் புதுப் போல்ட்டுகளை மாட்டி, அளவு டேப்பை வைத்துப் படிகளை உயர்த்திக்கொண்டே வந்தார். கடைசிப் போல்ட்டை முறுக்கியபோது மணி இரண்டே முக்கால்.

பிரின்ஸிபால் போனில் யாரையோ திட்டிக்கொண்டே வந்தார். திட்டிக்கொண்டே பதினெட்டுப் படியும் ஏறினார். காலடியை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. ஒரு படிக்கட்டுக்கு அதைவிட நற்சான்று கிடையாது.

“மத்த ரெண்டும் உங்களுக்குத்தான். ஆனா வெல்டிங் மெஷின் இந்தக் கேட்டுக்குள்ள வரக்கூடாது” என்றாள் இன்ஜினியர்.

வரவில்லை. பட்டறையிலேயே, இரண்டாவது படிக்கட்டின் மேல்படிக்கு அடியில், இனிமேல்தான் பிறக்கப்போகும் யாரோ ஒருவருக்காக, பற்றவைப்பாலேயே எழுத்தெழுத்தாக எழுதினாள்: “இங்கிருந்து கழற்றத் தொடங்கவும். நாலாவது போல்ட்டு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அவசரப்படாதே.”