பக்கத்துக் காம்பரா கரண்ட்

இதைப் படித்துவிட்டு, "சும்மா புருடா விடுறா" என்று சொல்பவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். நானும் அப்படிச் சொன்னவள்தான். வரிசையாய் ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளில் யாராவது பேய், முனி என்று ஆரம்பித்தால், "பேய்க்கு வேற இடமா இல்ல, நம்ம ஒழுகுற காம்பராவுக்கா வரப்போகுது?" என்று வாயை அடைத்துவிடுவேன். இப்போது அந்த வாய் எனக்கில்லை. போன ஐப்பசி மழையில் என் கண்ணெதிரே நடந்ததை, நடந்தபடியே எழுதுகிறேன்.

என் பெயர் சுதர்ஷினி. குருவிட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். வேலைக்குப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் வைத்துப் பார்த்துக்கொள்வது என் வேலை. அம்மாவும் அப்பாவும் இல்லை. நானும் தம்பி யோகராஜும்தான். அவன் கம்ப்யூட்டர் கேம் பைத்தியம். ஆனால் கெட்டிக்காரப் பைத்தியம். அவன் விளையாட்டை இணையத்தில் பார்த்த ஒரு கொழும்பு டீம், ஞாயிற்றுக்கிழமை மாலை அவனுக்கு ஒரு தேர்வு ஆட்டம் வைத்திருந்தது. தேறினால் கொழும்பிலேயே தங்கி, சம்பளத்தோடு வேலை.

தேறாவிட்டால் திங்கட்கிழமை மாணிக்கக் குழி.

மாணிக்கக் கல் தோண்டும் அந்தக் குழியில் ஓர் இடம் காலியாக இருந்தது. பக்கத்துக் காம்பரா கிருஷ்ணகுமார் அண்ணனின் இடம். சில நாட்களுக்கு முன், மழைக்குள் தண்ணீர் இறைக்கும் மோட்டார் நின்றுபோனது. அடிச் சுரங்கத்தில் தண்ணீர் ஏறிவிட்டது. மற்றவர்கள் மேலே வந்தார்கள், அவர் வரவில்லை. அவர் இடத்துக்குத்தான் தம்பியைக் கேட்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் அவனும் தலையாட்டிவிட்டான். அவன் அந்தக் குழியில் இறங்கக் கூடாது. சாமியிடம் நான் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

குறுக்கே நின்றது, கம்ப்யூட்டரில் படத்தை ஓட்டும் கிராபிக்ஸ் கார்ட். பல வருடப் பழசு. புதிதாக வந்தபோதே மலிவு ரகம். படம் விக்கி விக்கி ஓடும். எதிரி சுட்டுவிட்டுப் போன பிறகுதான் அவன் வந்ததே தம்பிக்குத் தெரியும். அதனால் கார்டை ஓவர்கிளாக் பண்ணினான். அதாவது, அதற்கென்று வைத்த வேகத்துக்கு மேல் அதை விரட்டி ஓட்டுவது. கார்டை விற்ற இரத்தினபுரி ஜுனைதீன் நானா அன்றைக்கே என்னிடம் சொன்னார்.

"மகள், இது கெழட்டு மாடு. நூறுக்கு மேல ஏத்த வேணாம்னு தம்பிக்கிட்ட சொல்லுங்க. சூடாகிச் செத்துடும்."

நூறு மெகாஹெர்ட்ஸ் ஏற்றினாலே சூடு எண்பது டிகிரியைத் தொடும். அதற்கு மேல் போனால் திரை முழுக்கக் கலர் கலராய்க் கட்டங்கள். போதாததற்கு, அந்தி நேரத்தில் லயம் முழுக்கத் தேத்தண்ணிக்குக் கரண்ட் கேத்தலைப் போடுவார்கள். கரண்ட் மங்கும். கம்ப்யூட்டர் 'டப்' என்று அணைந்துவிடும்.

ஞாயிறு அந்தி. நல்ல மழை. ஆட்டம் தொடங்க இன்னும் அரை மணி நேரம். அதற்குள் கம்ப்யூட்டர் இரண்டு தடவை அணைந்துவிட்டது. யோகராஜ் அண்ணாந்து சுவரைப் பார்த்தான். எங்கள் காம்பராக்களின் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு முழம் இடைவெளி இருக்கும். அதன் வழியாகக் கிருஷ்ணகுமார் அண்ணன் வீட்டு வெளிச்சம் தெரிந்தது. அடக்கம் முடிந்த மறுநாளே அவர் மனைவி தனுஜா அக்கா, பிள்ளைகளோடு தெரணியகலைக்குத் தாய்வீடு போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை செத்த வீட்டில் விளக்கு எரிய வேண்டுமல்லவா? அதற்காகப் பல்பைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

"அக்கா, அங்க மட்டும் கரண்ட் மங்கவே இல்ல பாரு. ஒரு வயரு இழுத்துக்கவா?"

லயத்தில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு வயர் இழுப்பது சாதாரணம். ஆனால் பதினாறு முடியாத வீட்டிலிருந்து நாங்கள் எதையும் எடுக்க மாட்டோம். உப்பு, தண்ணீர், நெருப்பு, எதையும். எடுத்தால், செத்தவர் பதிலுக்கு ஒன்றைக் கேட்பார் என்பார்கள்.

"பதினாறு முடியலையேடா."

"கரண்டு அதுல சேருமா?"

யோசித்தேன். உப்பு இல்லை, தண்ணீர் இல்லை. நெருப்பென்று சொல்லலாமா...? திங்கட்கிழமை ஞாபகம் வந்தது.

"சரி, எடுத்துக்க" என்றேன்.

மேசைமேல் ஏறி, சுவருக்கு அந்தப் பக்கம் கையை விட்டுத் துழாவி, அங்கிருந்த பிளக்கில் வயரைச் சொருகினான். கையை வெளியே எடுத்தபோது மணிக்கட்டு வரை ஈரம். கூரை ஒழுகுகிறது என்றான். நானும் நம்பினேன்.

கம்ப்யூட்டர் உயிர்பெற்றது. ஒரு துளி மங்கல் இல்லை. நூறு ஏற்றினான். ஓடியது. நூற்றைம்பது... ஓடியது. இருநூறு ஏற்றினான். கட்டமும் இல்லை, கோடும் இல்லை. படம் எண்ணெய்போல வழுக்கிக்கொண்டு ஓடியது. "கெழட்டு மாடு பாயுதுடா!" என்று நான் கையைத் தட்டினேன். வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

ஆட்டம் தொடங்கியது. நான் அவனுக்குப் பின்னால் நின்றேன். திரையின் மூலையில் கார்டின் சூடு எண்ணாக ஓடிக்கொண்டிருக்கும். எழுபது இருந்தது. பிறகு ஐம்பத்தெட்டு. வேகத்தை ஏற்றினால் சூடும் ஏற வேண்டும். இது இறங்கியது. நாற்பது...

"தம்பி, சூடு கொறையுதுடா."

"ம்."

அவ்வளவுதான் பேசினான். வாய் ஓயாதவன் அவன்.

குனிந்து பெட்டிக்குள் பார்த்தேன். கார்டின் இரண்டு விசிறிகளும் நின்றிருந்தன. ஆனாலும் உள்ளேயிருந்து காற்று வந்தது. ஈரக் காற்று. குழிக்காரர்கள் வேலை விட்டு வரும்போது அவர்கள் உடம்பில் அடிக்குமே, அந்தக் களிமண் வாடை.

இருபத்து நான்கு டிகிரி.

பிறகு ஒரு சத்தம். டுக்... டுக்... டுக்... பக்கத்துக் காம்பராவிலிருந்து. தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் சத்தம். லயத்தில் யாரிடமும் அது கிடையாது.

பதினொன்று. குருவிட்டையில் ஐப்பசியிலும் அவ்வளவு குளிர் கிடையாது. வாயைத் திறந்தால் புகை வந்தது.

டுக்... டுக்... டு...

நின்றது.

"இழுங்க" என்றான் தம்பி.

டீமில் யாரிடமோ பேசுகிறான் என்று நினைத்தேன். அவன் விரல்கள் தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. கண்கள் திரையில் இல்லை.

"கயித்த இழுங்க... தண்ணி வருது..."

"யோகா!"

திரும்பவில்லை. உதடு நீலம். கழுத்தைத் தொட்டேன். ஐஸ்.

ஓடிப்போய்ச் சுவரில் தொங்கிய வயரைப் பிடித்து இழுத்தேன். அறுந்து கையோடு வந்துவிட்டது.

கம்ப்யூட்டர் அணையவில்லை.

ஆட்டம் ஓடிக்கொண்டே இருந்தது.

மூன்று டிகிரி...

சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் தளும்பியது.

பூஜ்யம்.

எல்லாம் அணைந்தது. மேலே தெரிந்த வெளிச்சமும்.

இருட்டில் அவன் நீளமாக மூச்சு விட்டான். தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்குபவர்கள் விடுவார்களே, அந்த மூச்சு.

"மேல வந்துட்டேன்" என்றான்.

மறுநாள் போனில் செய்தி வந்தது. அவன் தேறிவிட்டான். இப்படிப்பட்ட ஆட்டத்தைப் பார்த்ததே இல்லையாம். உடனே கொழும்புக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான் அழுதுவிட்டேன். குழி இல்லை, இனி அவனுக்குக் குழியே இல்லை. போனை அவனிடம் நீட்டினேன். அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான்.

"நல்ல விசயம் தங்கச்சி" என்றான்.

பிறந்ததிலிருந்து என்னை அக்கா என்றவன். கேலி பண்ணுகிறான் என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அவன் கொழும்புக்குப் போகவில்லை. கம்ப்யூட்டரைத் தொடவும் இல்லை. அடுப்பருகிலேயே உட்கார்ந்திருந்தான். எத்தனை போர்வை போட்டாலும் அவன் கை சூடேறவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போனேன். இரத்தம் சுத்தமாக இருக்கிறதாம், நோய் எதுவும் இல்லையாம். கொழும்பிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டார்கள். பிறகு கூப்பிடவில்லை.

பதினாறுக்குத் தனுஜா அக்கா வந்தார். பூட்டைத் திறந்ததும், பல்பைப் போட்டு வைத்ததற்கு நான் நன்றி சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"பல்பா? அன்னைக்கு மழைத்தண்ணி எறங்கி சுவரெல்லாம் ஷாக் அடிச்சிச்சுன்னு, பொணம் எடுக்க முன்னயே எலக்ட்ரீசியன் வெளியில இருந்து வந்த வயரக் கழட்டிட்டாரே. நான் எண்ணெய் வெளக்குதான் வச்சிட்டுப் போனேன். அது ஒரு ராத்திரிகூட எரிஞ்சிருக்காது."

பிளக்கில் எங்கள் வயரின் மறுபாதி சொருகியபடியே இருந்தது.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போது யோகராஜ் வாசலுக்கு வந்தான். தனுஜா அக்காவின் சின்ன மகன், இன்னும் சரியாகப் பேச வராதவன், ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டான். அதற்கு முன் அந்தப் பிள்ளை என் தம்பியிடம் போனதே கிடையாது.

அதற்கும் ஒரு காரணம் சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டேன். போன வாரம்வரைக்கும்.

போன வாரம் குருவிட்டை பஸ் ஸ்டாண்டில் ஸஹாப்தீன் நானாவைக் கண்டேன். குழிக்குக் காவல் இருந்தவர்.

"மகள், தம்பிக்கு சுகமா? அந்த ஞாயித்துக்கெழம எனக்கு நெஞ்சே நின்னுட்டு."

"எந்த ஞாயிறு நானா?"

"மழ ஊத்தின அன்னைக்கி. லைட்டுப் போடுற நேரம். தம்பி தனிய வந்தான். கூப்பிட்டேன், திரும்பியும் பாக்கல்ல. கட்டை ஏணியப் புடிச்சுக் குழிக்குள்ள எறங்கிட்டான்."

அந்த நேரம் அவன் என் கண்முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"எப்ப ஏறினான் நானா?"

அவர் யோசித்தார்.

"எட்டிப் பாத்தேன்... ஒண்ணுமே தெரியல்ல, தண்ணிதான். ஆளக் கூட்டிவர ஓடினேன். வரக்குள்ள ஒருத்தரும் இல்ல. ஏறி ஊட்டுக்குப் போயிருப்பான்னு சொன்னாங்க." என் முகத்தைப் பார்த்தார். "ஊட்டுலதானே இருக்கான்?"

"இருக்கான்" என்றேன்.

"அல்லாஹ் காப்பாத்தினான். விடிஞ்சதும் மொதலாளி அந்தக் குழிய மண்ணப் போட்டு மூடிட்டாரு."