விரல் நீள அந்தோணியார்

வெள்ளிக்கும் ஈயத்துக்கும் வித்தியாசம் தெரியாத மடையன் நான். ஆனால் சந்தேகப்படுவதில் மட்டும் குறைவைக்கமாட்டேன். கல்யாணத்துக்கு மாமியார் கொடுத்த விரல் நீள வெள்ளி அந்தோணியார் சுரூபத்தின் கை ஒடிந்துபோனது. மண்டபம் ஊரில், மாமியார் தெருவிலேயே சின்னச் சுரூபங்களுக்கு வர்ணம் தீட்டுகிறவரிடம் ஒட்டக் கொடுத்தேன். அடிக்கொருதரம் பிரஷ் நுனியை நாக்கில் வைத்துக் கூராக்குவார். அவர் மேசையில் சில்வர் பெயிண்டே கிடையாது. கறுப்பு, சாம்பல், வெளிச்சம் விழும் மடிப்பில் மயிரிழை வெள்ளை. இவ்வளவு பூசினாலே ஈயச் சுரூபம் வெள்ளியாய் மின்னும். அதுதான் எனக்கு உறுத்தியது.

திரும்ப வாங்கப் போனால், மேசையில் அச்சு அசலாக இரண்டு அந்தோணியார்! ஈயத்தை மாற்றிக் கொடுத்துவிட்டால் மாமியாரிடம் என்ன சொல்வேன்?

"அண்ணே, மறைக்காமச் சொல்லுங்க. எங்க மாமியா குடுத்த வெள்ளி இதுல எது?"

நிமிராமலே சொன்னார்: "ஒங்க மாமியா வாங்குனதே எங்கிட்டத்தான்."