நாரை மார்க் கோட்டும் சித்தீகாவின் முதல் மழையும்

நெய்வேலி மெயின் பஜாரில் மழைக்கோட்டு வாங்கப் போகிறவர்கள் கடைப் பெயரைச் சொல்வதில்லை. ‘பாயம்மா கடை’ என்றால் போதும். பலகையில் இன்னும் பீர் முகமது பெயர்தான் இருக்கிறது. அவர் இறந்து சில வருஷம் ஆகிறது. கடையை நடத்துவது அவர் மனைவி சித்தீகா. மேல்பட்டாம்பாக்கத்தில் பிறந்து டவுன்ஷிப்புக்கு வாழ வந்தவள். வந்த புதிதில் எல்லாத் தெருவும் ஒரே அச்சாக இருக்கிறதே என்று குழம்பி, அடுத்தவர் குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டி அசடு வழிந்தவள். இன்று ஆளைப் பார்த்ததுமே கோட்டின் அளவைச் சொல்லிவிடுவாள். தொந்தி போட்டவரிடம் மட்டும் அளவைச் சொல்ல மாட்டாள். “இது கொஞ்சம் தாராளமா இருக்கும்ண்ணே” என்று எடுத்து நீட்டுவாள்.

கடையில் பெரும்பாலும் நாரை மார்க் கோட்டுதான். மும்பைப் பக்கம் ஒரு குடும்பம் பரம்பரையாகத் தைத்து வந்தது. மலை ஏறுகிறவர்களுக்கென்று தொடங்கிய கோட்டு, எப்படியோ இங்கே ஷிப்டுக்குப் போகிறவர்கள் முதுகில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஐப்பசி அடைமழையில் குள்ளஞ்சாவடியிலிருந்து பைக்கில் வேலைக்கு வருகிறவன் படுகிற பாடு, மலை ஏறுகிறவன் பாட்டுக்குக் குறைந்ததல்ல.

பீர் முகமதுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. பருவத்தின் முதல் மழை இறங்கியதும் புதுக் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு கடை வாசலில் போய் நிற்பார். மழை விட்டதும் கோட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் வெள்ளைச் சட்டையைக் கூட்டத்துக்குக் காட்டுவார். ஒரு பொட்டு ஈரம் இருக்காது. அவர் இறந்த வருஷம், கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா காலம் முடிந்து கடை திறந்த சித்தீகாவும் அப்படியே நின்றாள். பெண்பிள்ளை நடுத்தெருவில் கோட்டைக் கழற்றிக் காட்ட முடியுமா? அதனால் அன்றைய பேப்பரைக் கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். பேப்பர் நனையவே இல்லை. ஆனால் எதிர் டீக்கடையில் நின்றவர்கள் பேப்பரையா பார்த்தார்கள்?

“பாயோட போச்சு அந்தக் கடை. பேரு அதேதான் இருக்கும், சரக்கு அதுவா இருக்காது” என்று ஒருவன் அவள் காதுபடவே சொன்னான்.

அப்போதுதான் மைன்ஸில் வேலை பார்க்கும் சிங்காரவேல் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். பேப்பரைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஒண்ணு குடும்மா, மழ வலுக்கறதுக்குள்ள போவணும்” என்று வாங்கி மாட்டிக்கொண்டு போனார். அதைப் பார்த்து இன்னொருவர் வந்தார். பிறகு இன்னும் இரண்டு பேர். அன்றைக்கு அந்த மனிதர் வராமல் இருந்திருந்தால் மறுநாள் கடை திறக்கத் தனக்குத் தெம்பு இருந்திருக்காது என்று சித்தீகா மகள் அப்சானாவிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். சிங்காரவேல் முகத்தில் என்றைக்கும் விழிக்க முடியாதபடி ஒரு காரியம் தன் கையால் நடந்துவிடக் கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே பயம்.

இந்த வருஷம் ஆனி மாதத்தில் கம்பெனி ஏஜென்ட் அருண்பிரசாத் வந்து, நாரை மார்க்கை தில்லிக்காரர்கள் வாங்கிவிட்டார்கள் என்றான். புதுச் சரக்கில் மாதிரிக்கு ஒரு கோட்டையும் கொடுத்தான். சித்தீகா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பித்தளைப் பட்டன் போய் பிளாஸ்டிக் பட்டன் வந்திருந்தது. முதுகில் இருந்த நாரை ஒட்டிப்போய் நோஞ்சானாக நின்றது.

“நாரையே பட்டினி கெடக்குது. கை மாறிடுச்சுல்ல தம்பி, பேரு மட்டும்தான் மிஞ்சும்” என்றாள்.

“போட்டுப் பாருங்கக்கா, தையலுக்கு உள்பக்கம் பட்டையா டேப் ஒட்டியிருக்கான்” என்று அவன் மன்றாடினான். மாதிரிக் கோட்டு ஆணியில் தொங்கியது தொங்கியபடி கிடந்தது. சித்தீகா பண்ருட்டிக்குப் போய், மொத்த வியாபாரி ஒருவரின் கிடங்கில் தேங்கிக் கிடந்த பழைய சரக்கை எல்லாம் வாரிக்கொண்டு வந்தாள். ‘பழைய கம்பெனி சரக்கு மட்டும்’ என்று அட்டை எழுதி வாசலில் தொங்கவிட்டாள். தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாமே என்று அப்சானா சொன்னபோது, மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத் தருவாயோ என்று வாயை அடைத்தாள்.

ஐப்பசி பிறந்த வாரத்தில் சிங்காரவேல் வந்தார். பழைய கோட்டு கிழிந்துவிட்டதாம். ஆணியில் தொங்கிய புதியதைத்தான் கை காட்டினார். “அது வேணாம்ண்ணே, என் பேச்சைக் கேளுங்க” என்று பழைய சரக்கில் ஒன்றை அவர் கையில் திணித்து அனுப்பினாள். நன்றிக்கடன் கொஞ்சம் தீர்ந்தது போல அன்று அவளுக்குச் சாப்பாடுகூட ருசித்தது.

மறுநாள் மதியம் பஜாரில் முதல் மழை இறங்கியது. சித்தீகா பழைய சரக்கில் ஒரு கோட்டை மாட்டி, பேப்பரை உள்ளே அணைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றாள். டீக்கடையே வேடிக்கை பார்த்தது. கொஞ்ச நேரத்தில் தோளில் ஜில்லென்றது. பிறகு முதுகில். உள்ளே வந்து கோட்டைக் கழற்றினால் பேப்பர் கூழாகிவிட்டிருந்தது. மை அவள் ரவிக்கை வரை இறங்கியிருந்தது. கோட்டை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மடிப்பு விழுந்த இடமெல்லாம் உள்பூச்சு வெடித்துப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. தகரக் கொட்டகைக் கிடங்கில் எத்தனை கோடை வெந்ததோ! தைத்தவன் மேல் குற்றமில்லை. நாள்பட்டுப் போனதை நல்லது என்று தலையில் தூக்கிவைத்துக்கொண்டது யார்?

“யா அல்லா, சிங்காரவேல் அண்ணன்!” என்று பதறினாள். முதல் ஷிப்டு விடுகிற நேரம். மைன்ஸிலிருந்து தன் ஊர் குள்ளஞ்சாவடி வரை அந்த மனிதர் நனைய வேண்டும்.

ஸ்கூட்டியை எடுத்தாள். அப்சானா ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்து நீட்டினாள். “இதப் போட்டுட்டுப் போங்கம்மா, இப்ப ரோஷம் பாக்காதீங்க.”

மழை சாட்டையாக அடித்தது. மரங்கள் அடர்ந்த டவுன்ஷிப் சாலையில் எதிரில் வருகிற வண்டிகூடத் தெரியவில்லை. பாதி வழியில்தான் சித்தீகாவுக்கு உறைத்தது: கழுத்து காய்ந்திருந்தது, முதுகு காய்ந்திருந்தது, மடியும் காய்ந்திருந்தது. பட்டன் மட்டமானதுதான். ஆனால் மழை உள்ளே வரவில்லை. கடைக்கு அவள் வந்தபோது ஊர் சொன்ன அதே வார்த்தையைத்தானே, முகம் தெரியாத தில்லிக்காரர்களைப் பார்த்து அவளும் சொல்லியிருக்கிறாள்! தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மாவா? வண்டி ஓட்டிக்கொண்டே வெட்கப்பட்டாள்.

மைன்ஸ் சைக்கிள் ஸ்டாண்டு வாசலில் சிங்காரவேலைப் பிடித்துவிட்டாள். அவர் கோட்டோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். “என்னை நம்பித்தானே வாங்குனீங்க. ஒழுகுற கோட்டைக் குடுத்துட்டேன்ண்ணே. இதப் போட்டுக்கங்க.”

அவர் முகத்தில் திகைப்பே இல்லை. கூட வந்தவர்கள் கடந்து போகட்டும் என்று காத்திருந்துவிட்டு, கோட்டின் மேல் பட்டனை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே கழுத்திலிருந்து முழங்கால் வரை பாலிதீன் தாள் ஒன்றைச் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தார்.

“எங்கூருல காலையிலயே பேஞ்சுதும்மா. வர வழியிலயே தெரிஞ்சுபோச்சு. கழட்டி வச்சன்னா, ஏன், புதுக் கோட்டு என்னாச்சுன்னு நாலு பேரு கேப்பான். ஒன் கடைக்குக் கெட்ட பேரு. அதான் ஒரு தாள வாங்கி உள்ள சுத்திக்கினு இருந்தன்.”

ஒரு ஷிப்டு முழுக்க, ஒழுகுகிற கோட்டை மேலே போட்டுக்கொண்டு, சித்தீகாவின் மானத்தை இந்த மனிதர் மூடிக்கொண்டு திரிந்திருக்கிறார். இப்படி ஒருவர் தனக்கு வாய்த்தாரே! புதுக் கோட்டைக் கழற்றி அவர் வண்டி மேல் போட்டாள்.

“நீ எதுல போவ?”

“அந்தத் தாளைக் குடுங்க.”

அவர் வேண்டாம் வேண்டாம் என்றதை அவள் காதில் வாங்கவில்லை. பாலிதீன் தாளைப் போர்த்திக் கயிற்றைக் கட்டிக்கொண்டு பஜாருக்குள் வந்து இறங்கினாள்.

டீக்கடையில் ஒரே சிரிப்பு. “என்ன பாயம்மா, கோட்டுக் கடைக்காரங்களே தாளைச் சுத்திக்கிட்டு வர்றீங்க?”

“பழைய சரக்கு ஒழுகுதுங்க, யாரும் வாங்காதீங்க. வாங்குனவங்க கொண்டாந்து குடுத்துடுங்க. புதுசு நல்லாயிருக்கு. நானே போட்டுப் பாத்துட்டேன்” என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. அட்டையை இழுத்துக் கிழித்தாள்.

அன்று அந்தி நேரத்து மஃரிப் தொழுகை முடிந்ததும் அவள் கையேந்தியபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சிங்காரவேல் அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் நீண்ட ஆயுள் கேட்டாள். பிறகு தில்லிக்காரர்களுக்கும் கேட்டாள். அவர்கள் பெயர் தெரியாததால், “அந்தப் புது முதலாளிக்கும் தொழிலை நல்லபடியா நடத்திக் குடு ரப்பே” என்றாள்.